லேப்கூகன்: பெயரின் வேர் எது?

கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் தேனும் பட்டையும் கிராம்பும் சேர்த்துச் சுடும் பண்டம் லேப்கூகன். 'கூகன்' என்றால் கேக், அதில் குழப்பமில்லை. முன்னால் நிற்கும் 'லேப்' எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு. 'வாழ்' என்னும் பொருளுடைய லேபன், முழு ரொட்டியைக் குறிக்கும் லைப், தட்டைப் பலகாரத்துக்கான லத்தீன் சொல் லீபும் ஆகிய மூன்றும் உரிமை கோருகின்றன. ஒலி, பொருள் என்ற இரண்டு உரைகற்களிலும் இவற்றைத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

லேபன் ஒலியில் தேறுகிறது. 'உயிர் தரும் கேக்' என்ற விளக்கம் கேட்கவும் இனிக்கிறது. ஆனால் இதே வகைப் பண்டத்தின் மற்றப் பெயர்களான ஃபெஃபர்கூகன் (மிளகு கேக்), ஹோனிக்கூகன் (தேன் கேக்) இரண்டும் உள்ளே போட்டதைச் சொல்கின்றன. உண்பதால் வரும் பலனைச் சொல்வதில்லை. பொருள் மங்கிய சொல்லுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏற்றிய விளக்கம் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

லைப் பழைய ஜெர்மானியச் சொல். ஆங்கில 'லோஃப்' இதன் உறவு. 'ஐ' எப்படி 'ஏ' ஆயிற்று என்ற கேள்வி எழுகிறது. வேரின் உயிரொலி மாறுவது ஜெர்மானிய மொழிகளின் இயல்புதான் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. பொருள்தான் இடறுகிறது: லைப் உப்பிய ரொட்டி, லேப்கூகனோ தட்டை.

லீபும் வாதத்துக்கும் ஒலியில் ஓட்டை உண்டு. லத்தீனின் நெடில் 'ஈ' ஜெர்மனில் 'ஐ' ஆவதே வழக்கம். வீனும் வைன் ஆனது அப்படித்தான். ரோமானியர் கேட்டோ எழுதிவைத்த லீபும் செய்முறையில் பாலாடைக்கட்டியும் மாவும் முட்டையுமே உள்ளன, மசாலா இல்லை. எனினும் பெயர் தங்கிச் செய்முறை மாறுவது பலகார உலகில் புதிதல்ல. புரியாத லத்தீன் சொல்லின் பின்னே புரிந்த சொல்லை ஒட்டுவதும் ஜெர்மன் பழக்கமே: கோவேறு கழுதைக்கான 'மூலுஸ்' என்பதோடு விலங்கு என்னும் 'டீர்' சேர்ந்து மௌல்டீர் ஆயிற்று. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இப்பண்டம் லேப்செல்டன். செல்டனும் தட்டைப் பலகாரமே. இரண்டு பெயரிலும் 'லேப்' என்பதற்கு உரை சொல்வதுபோல் உள்ளூர்ச் சொல் நிற்கிறது.

ஆகவே லேபன் தள்ளுபடி. மற்ற இரண்டும் ஒலியில் சமமாகத் தடுமாற, பொருளால் லீபும் முந்துகிறது. ஒலிச் சிக்கல் அவிழும்வரை அது வலுவான ஊகம் மட்டுமே. 'தோற்றம் உறுதியில்லை' என்று எழுதும் அகராதியே நேர்மையானது.