முதல் நாள் வாசல்: யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும்

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஜூனில். அங்கே தைப்பொங்கலை ஒட்டிய குளிர்ந்த காலை. இங்கே விடுமுறை முடிந்தும் வெயில் முடியாத காலை. கொரோனாவும் அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியும் இலங்கையின் கல்வியாண்டுத் தொடக்கத்தைச் சில வருடம் தள்ளிப்போட்டன. தமிழ்நாட்டில் வெயில் கூடினால் திறப்புத் தேதியே மாறும். 2024இல் ஜூன் 10, அடுத்த ஆண்டு ஜூன் 2. மாதம் எதுவானாலும் புதுச் சீருடையின் மடிப்புக் கலையாத பிள்ளையும் பிள்ளையை விட அதிகம் பதறும் தாயும் இரு கரைக்கும் பொது.

கிறிஸ்தவப் பள்ளிகளின் வாசலில் இன்னொரு பொதுமையும் உண்டு. அங்கே வந்து நிற்கும் குடும்பங்களில் பெரும் பகுதி கிறிஸ்தவக் குடும்பங்கள் அல்ல. திருநீறு பூசிய நெற்றியோடு வரும் தகப்பனும், முக்காடிட்டு வரும் தாயும் சிலுவை பொறித்த வாயிலைக் கடந்துதான் பிள்ளையை விட்டுப் போகிறார்கள். அதனால் இந்தப் பள்ளிகளில் வரவேற்பு என்பது வெறும் விழா ஆகாது. எங்கள் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று அந்தக் குடும்பங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்குப் பள்ளி சொல்லும் முதல் பதில் அது. இலங்கை அந்தப் பதிலின் ஒரு பாதியை நன்றாகச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு மற்றப் பாதியைச் சொல்லியிருக்கிறது.

ஒரே வேர்

இந்தப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் நிறுவியது. அதே மிஷன்தான் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் அனுப்பி மதுரை மிஷனைத் தொடங்கியது. பசுமலைப் பள்ளிகளுக்கும் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் உடுவில் மகளிர் கல்லூரி உறவுமுறையில் அக்கா. எதிர்த்திசைப் பயணமும் நடந்தது: வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள்.

ஆனால் அந்த வேரைச் சுற்றியிருந்த மண் வேறு. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்கு மிஷன் பள்ளி ஆசையும் அச்சமும் சேர்ந்த இடம். இங்கிலீஷும் உத்தியோகமும் கிடைக்கும், பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற கவலையும் கூடவே வரும். மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த அச்சத்துக்கு அவர் கட்டிய பதில் அது.

தெற்குத் தமிழ்நாட்டில் பலருடைய கதை வேறு. மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் திருநெல்வேலிச் சீமையில் ஊருக்கு ஊர் பள்ளிகள் முளைத்தன. திண்ணைப் பள்ளியின் படியேற முடியாத சாதிகளின் பிள்ளைகளை முதன்முதலில் உள்ளே வா என்று அழைத்த கட்டடங்களில் பல ஓலைக்கூரை போட்ட மிஷன் பள்ளிகள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் கிறிஸ்தவப் பள்ளியின் வாசல் என்றால் திறந்த வாசல்தான். யாழ்ப்பாணத்தில் இதே கேள்வி 1930 வாக்கில் சம ஆசனப் பிரச்சினையாக வெடித்தது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் உட்கார வைக்க வேண்டும் என்ற விதிக்கு உயர்சாதியினர் பலர் முரண்டு பிடித்தார்கள். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் விதியின் பக்கம் நின்றது. பிள்ளையை உள்ளே விடுவது பாதி வரவேற்பு, எங்கே உட்கார வைக்கிறோம் என்பது மீதி என்பதை இரு நாடும் அடிபட்டுத்தான் கற்றன.

கால்கோள் விழா

இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா நடக்கும். அரச பாடசாலை, திருச்சபைப் பாடசாலை என்ற பேதம் இதில் இல்லை. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

வாயிலிலிருந்து மண்டபம் வரை தரம் இரண்டுப் பிள்ளைகள் இரு வரிசையாக நிற்பார்கள். பாண்ட் வாத்தியம் முன்னே போக, புதிய பிள்ளைகள் தாய் தகப்பனின் கையைப் பிடித்தபடி நடுவே வருவார்கள். போன வருடம் இதே இடத்தில் அழுது அடம்பிடித்த பிள்ளை இந்த வருடம் எட்டி நின்று இன்னொரு பிள்ளையின் கழுத்தில் மாலை போடும். மாலை முழங்காலைத் தொடும். போட்டவரும் போடப்பட்டவரும் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மண்டபத்தில் குத்துவிளக்கு இருக்கும், உச்சியில் சிலுவை. அதிபரும் போதகரும் ஒவ்வொரு திரி ஏற்றியபின் ஒரு தாயும் ஒரு பிள்ளையும் அழைக்கப்படுவார்கள். வேத வாசிப்பு, சிறு செபம், பெரிய பிள்ளைகளின் ஆட்டம் பாட்டு. அதன்பின் பெற்றார் வகுப்பறை வரை போய், பிள்ளை எந்தக் கதிரையில் இருக்கப்போகிறது என்று தங்கள் கண்ணால் பார்ப்பார்கள். முதல் நாட்களில் பாடம் தொடங்குவதில்லை. விளையாட்டும் வரைதலும் வைத்துப் பிள்ளையின் இயல்பை இனங்காண்பதே ஆசிரியரின் வேலை.

இதில் என்னைப் பெரிதும் கவர்வது மாலையை யார் போடுகிறார் என்பதுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டுக்காரர் என்ற தகுதியைக் கொடுத்துவிடுகிறார்கள். இனி இந்தப் பள்ளி உன்னுடையது, வருபவரை நீ கவனி என்று சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு அது. போரைக் கடந்த ஊருக்கு இது இன்னும் ஆழமானது. 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது, பாடசாலைகளும் பெயர்ந்தன. திரும்பி வந்தபின் ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கமும் யார் வந்துவிட்டார்கள், யார் வெளிநாடு போய்விட்டார்கள் என்று எண்ணிப் பார்க்கும் நாளாக இருந்தது. குடும்பத்தோடு வரவேற்பது அங்கே சடங்கைத் தாண்டிய தேவை.

ஜூன் மாதத்து வாசல்

தமிழ்நாட்டில் கிறிஸ்தவப் பள்ளி என்ற பெயருக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன.

ஒன்று நகரத்து ஆங்கிலவழிப் பள்ளி. இங்கே வரவேற்பு ஜூனில் இல்லை, சேர்க்கை நாளிலேயே முடிந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் அடங்கிய பிளாஸ்டிக் ஃபைலோடு தாய் வரிசையில் நிற்பார். ரசீது கையில் வந்ததும் உறவு உறுதியாகிவிடும். முதல் நாள் காலை வேனும் ஆட்டோவும் வந்து குவியும். பிரேயர் மணி அடித்ததும் கேட் சாத்தப்படும். கம்பிக்கு வெளியே நின்று, ஒரே மாதிரிச் சட்டை போட்ட நூறு முதுகுகளில் தன் பிள்ளையின் முதுகைத் தேடும் பெற்றோரை எந்த ஊரிலும் பார்க்கலாம். உள்ளே வேத வசனம், தமிழ்த்தாய் வாழ்த்து, தாளாளரின் ஆசியுரை எல்லாம் முறையாக நடக்கும். சேசு சபைப் பள்ளிகளில் தூய ஆவியார் திருப்பலியோடு ஆண்டைத் தொடங்கும் அழகிய மரபும் உண்டு. குடும்பம் மட்டும் வெளியே நிற்கும்.

மற்றொன்று கத்தோலிக்கரின் ஆர்.சி. பள்ளி, திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளி என்று ஊர் கூப்பிடும் உதவிபெறும் தொடக்கப் பள்ளி. இங்கே காட்சி தலைகீழ். ஏப்ரலிலேயே ஆசிரியைகளும் கன்னியர்களும் நோட்டீஸோடு தெருத்தெருவாகப் போவார்கள். செங்கல் சூளைக்கும் பீடி சுற்றும் திண்ணைக்கும் போய், பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆச்சுல்லா, அனுப்பிவிடுங்க என்று கேட்பார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியப் பணியிடம் உபரியாகிவிடும் என்பதும் ஒரு காரணம்தான். அதற்காக அந்த நடையின் மதிப்பு குறையாது. ஜூனில் வரும் பிள்ளைக்குக் காகிதக் கிரீடமும் ரோஜாவும் மிட்டாயும். அன்றே பாடப்புத்தகம். முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது; 2024 ஜூலை 15 முதல் ஊரகத்தின் உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்தின் உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலையில் வேலைக்குப் போகும் தாய்க்கு, வாசலில் காத்திருக்கும் சூடான உப்புமாவை விடப் பெரிய வரவேற்பு வேண்டுமா?

சட்டம் வரைந்த கோடு

இரு நாடுகளின் வரவேற்பும் இப்படிப் பிரிந்ததற்குச் சட்டமும் காரணம். இலங்கை 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெற்ற மதப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசுடைமையாக்கியது. அதை எதிர்த்துக் கத்தோலிக்கப் பெற்றார் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தார்கள். சமரசம் பேசப் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்தார். கட்டணம் அறவிடுவதில்லை என்ற நிபந்தனையை ஏற்றுச் சில கல்லூரிகள் மட்டும் திருச்சபையிடம் நின்றன. யாழ்ப்பாணத்தில் பரியோவான், சம்பத்திரிசியார், சுண்டுக்குளி, உடுவில், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியவை அவற்றில் அடங்கும். வேம்படி மகளிரும் மத்திய கல்லூரியும் அரசிடம் போயின.

ஆனாலும் அரசு பழைய உரித்தை முழுக்க அழித்துவிடவில்லை. தரம் ஒன்று அனுமதிச் சுற்றறிக்கையில், இப்படிக் கையேற்ற பாடசாலைகளில் கையேற்ற காலத்தில் ஒவ்வொரு சமயத்துப் பிள்ளைகளும் இருந்த விகிதாசாரத்தைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. அறுபதாண்டுக்கு முந்தைய வகுப்பறை இன்றைய அனுமதியைத் தீர்மானிக்கிறது. இதோடு வாக்காளர் இடாப்பு, வீட்டுத் தூரம், பழைய மாணவர் என்ற புள்ளிக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். கால்கோள் விழாவின் மாலை இந்தச் சல்லடையைத் தாண்டிய பிள்ளையின் கழுத்தில்தான் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவில் அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு சிறுபான்மையினர் கல்வி நிலையம் நிறுவி நிர்வகிக்கும் உரிமையைக் காத்தது. பள்ளி திருச்சபையிடமே இருந்தது. தாளாளர் நாற்காலியும் இருந்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமை பெரிதாக இருக்கும் இடத்தில் பொறுப்பைச் சட்டம் நினைவூட்டாது. தானாகத்தான் நினைக்க வேண்டும். ஏழைப் பிள்ளைக்காகத் தொடங்கிய சபைகளின் பெயரில், ஏழை எட்ட முடியாத கட்டணப் பலகை தொங்குவதைப் பார்க்கும்போது மனம் நோகிறது.

சமயப் பாட வேளை

வாய்விட்டுக் கேட்காத கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னேன். இலங்கை அதற்குப் பதிலை நேர அட்டவணையிலேயே எழுதிவிட்டது. சாதாரண தரம் வரை சமயம் கட்டாயப் பாடம். பிள்ளை தன் சமயத்தைப் படிக்கும். கிறிஸ்தவக் கல்லூரியில் சேரும் சைவப் பிள்ளைக்குச் சைவநெறிப் பாடநூல் கிடைக்கும். சமய வேளையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் சைவப் பிள்ளைகள் இன்னொரு வகுப்புக்கும் போவார்கள். காலையில் எல்லாரும் சேர்ந்து நின்ற ஆராதனைக்குப் பின், அதே கூரையின் கீழ் தேவாரம் கேட்கும். நாவலரின் காலத்து அச்சத்துக்கு இதைவிடக் கண்ணியமான மறுமொழியை நான் அறியேன். இதற்கும் ஒரு விலை உண்டு: இரு சாராரும் ஒருவர் பாடத்தை மற்றவர் திறந்து பார்க்காமலே வளர்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போக, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். பொய் சொல்லாமை, பெரியோரை மதித்தல், சுத்தம் என்று எல்லாருக்கும் பொதுவான பாடம். நல்லதுதான், ஆனால் அந்த வேளையில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் "மற்றவர்கள்" என்ற ஒரே கூடையில் விழுகிறார்கள். அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) உறுப்பு சொல்கிறது. அந்த ஒப்புதலை நேரில் உட்கார வைத்து, விளக்கிக் கேட்கும் பள்ளியை நான் அதிகம் கண்டதில்லை. பெரும்பாலான பெற்றோர் கேட்டால் மகிழ்ச்சியோடு தலையசைப்பார்கள். கேட்பது அவர்களுக்குத் தரும் மதிப்பு.

கொடுக்கல் வாங்கல்

தமிழ்நாட்டுப் பள்ளிகள் யாழ்ப்பாணத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை செலவில்லாதவை. முதல் நாள் ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்து வையுங்கள். பெற்றோர் வகுப்பறை வரை வரட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பை வரவேற்கட்டும். நாங்கள் கிறிஸ்தவப் பள்ளி, காலையில் இப்படிச் செபிப்போம், உங்கள் பிள்ளை கலந்துகொள்வது உங்கள் விருப்பம், உங்கள் சமயத்தை இங்கே யாரும் தாழ்த்திப் பேசமாட்டார்கள் என்று தாளாளரே எல்லார் முன்னும் சொல்லட்டும்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் நெல்லைச் சீமையின் தெருநடையைக் கற்றுக்கொள்ள வேண்டும். வாக்காளர் இடாப்பில் பதிவும் நகரத்தில் வீடும் இல்லாத குடும்பம் தானாக விண்ணப்பிக்காது. மீள்குடியேறிய கிராமத்துக்கும், மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் அதிபரும் ஆசிரியரும் போய்க் கேட்டால்தான் உண்டு. மண்டபத்து மாலையின் அழகு அப்போதுதான் முழுமையாகும்.

யார் பெரியவர் என்று சீடர்கள் வாதாடியபோது இயேசு ஒரு பிள்ளையை அழைத்து நடுவில் நிறுத்தினார் என்று நற்செய்தி சொல்கிறது. அந்தப் பிள்ளை யாருடைய வீட்டுப் பிள்ளை, எந்த மரபைச் சேர்ந்தது என்று அங்கே குறிப்பில்லை. கிறிஸ்தவப் பள்ளிக்கு இதைவிடத் தெளிவான சேர்க்கை விதி தேவையில்லை. தேடிப்போய் அழைப்பதும், அழைத்தவரின் சமயத்துக்கு இடம் வைப்பதும் சேர்ந்ததே வரவேற்பு. ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் திருப்தி அடையும் உரிமை எந்தக் கரைக்கும் இல்லை.