இருட்டில் ஒளிரும் இறால் குஞ்சு

கல்மண்டபம் பக்கம் இறால் வாங்குகிறவர்கள் கடல் இறாலா, வளர்ப்பு இறாலா என்று முதலில் கேட்பார்கள். வளர்ப்பு இறாலின் பிறந்த வீடு குஞ்சுப் பொரிப்பகம். ராத்திரி விளக்கை அணைத்ததும் தொட்டிக்குள் குஞ்சுகள் ஒளிர்ந்தால் அங்கே வயிற்றில் புளி கரைக்கும். விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஆன்டிபயாடிக் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். மருந்தின் மிச்சம் இறாலில் தங்கினால் ஏற்றுமதியும் போச்சு.

இந்த மருந்துக்கு மாற்றாக பேஜ்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறது நம் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். பேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். தனக்கேற்ற கிருமியின் மேல் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே செலுத்தி, நகல்களாகப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்திலிருக்கும் நல்ல கிருமியைச் சீண்டாது. அந்தக் கறார்தான் எனக்குப் பிடித்தது.

ஆய்வுத் தட்டில் பார்க்க வேண்டும்: மங்கலாகப் படர்ந்த கிருமிப் படலத்தின் நடுவே கண்ணாடித் தெளிவில் சிறு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பேஜில் தொடங்கிய வேட்டை.

பேஜுக்குத் துப்பு சொல்லவும் தெரியும். ஒளி தரும் மரபணுவைப் பேஜில் பொருத்தி உணவு மாதிரியில் விட்டால், உயிருள்ள லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருந்தால் ஒளிரும். செத்த கிருமிக்கு ஒளிராது. 2006இல் அமெரிக்கா, சமைத்த இறைச்சியில் லிஸ்டீரியாவை அடக்கப் பேஜ் தெளிக்க அனுமதித்தது. கிருமி பேஜுக்கும் பழகக்கூடும் என்பதால் பலவகைப் பேஜ்களைக் கலந்து தெளிப்பதும் உண்டு.