கறுப்புப் பொடியின் சாம்பல்

கறுப்பு-வெள்ளை லேசர் பிரின்டரிடம் சாம்பல் நிறமே கிடையாது. இருப்பது கறுப்புப் பொடி மட்டும். ஆனாலும் தாத்தாவின் பழைய படம் கன்னச் சுருக்கம் வரை வந்துவிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டு உடையும்: சிறிதும் பெரிதுமாக வெறும் புள்ளிகள்.

அங்குலத்துக்கு 600 நுண்புள்ளி போடும் மெஷினில், அந்தப் புள்ளிகளை வரிசையாக அடுக்கும் கட்டவலையை, அதாவது திரையை, அங்குலத்துக்கு 60 வரி என்று வைத்தால், ஒவ்வொரு கட்டமும் 10-க்கு 10 நுண்புள்ளி. வெள்ளையையும் சேர்த்து 101 சாயல். ஆசைப்பட்டு 100 வரியாக்கினால் கட்டம் 6-க்கு 6 ஆகச் சுருங்கிவிடும், சாயல் 37தான். விளிம்புகள் கூர்மையாகும், வானமோ பட்டை பட்டையாகப் பிரியும். முகங்களுக்கு நான் 60-இன் கட்சி. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் இருக்கட்டும். திரையின் கோணம் 45 பாகை. சாய்ந்த வரிசைகளைக் கண் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நேராக நிறுத்தினால் சட்டை முழுக்கக் கொசுவலை. ஜெராக்ஸுக்குப் போகிற பக்கமென்றால் வரியை இன்னும் குறைக்கலாம்.