கொல்லன் பெயர் என்ன?

பழைய ஜப்பானிய வாளை இன்டர்நெட்டில் வாங்குகிற விவரமான ஆசாமி முதலில் கேட்பது, கைப்பிடி கழற்றிய போட்டோ. உள்ளே மறைந்திருக்கும் இரும்பில் பல கொல்லர்கள் தங்கள் பெயரை வெட்டியிருப்பார்கள். (அதிலும் போலி உண்டு, ஜாக்கிரதை!)

நாமோ ராஜா பெயரைத்தான் கேட்போம். 2023-ல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. காசு திப்புவின் பெயருக்கு. தென்னாட்டு உருக்கு கடல் கடந்து பேர் வாங்கியது, உருக்கியவன் வாங்கவில்லை.

சீசனுக்குக் குற்றாலம் போனால், அதே தென்காசி மாவட்டத்து நெல்கட்டும்செவலையும் எட்டிப் பாருங்கள். கும்பெனியை எதிர்த்த பூலித்தேவரின் ஊர். அவரைக் கும்பிடுங்கள், தப்பே இல்லை. கூடவே, அவருக்கு வாள் அடித்துக் கொடுத்தது யாருங்க என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். கேட்டால்தானே யாராவது தேடுவார்கள்?