மணப்பாட்டுக் குகையும் கோவா வெள்ளிப் பேழையும்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாட்டில், கடலோரப் பாறைக் குகையில் அவர் தங்கிச் செபித்தார் என்பது பரதவர் மரபு. அலை எட்டும் தொலைவில் இருந்தாலும் குகைக் கிணற்றில் நல்ல தண்ணீரே ஊறுகிறது. குகை இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஒரு நினைவிடத்துக்கு அதைவிட உறுதியான காவல் இல்லை.

1552 டிசம்பர் 3இல் சீனக் கரையோரச் சாங்சுவான் தீவில் இறந்த சவேரியாரின் உடல், மலாக்கா வழியாக 1554இல் கோவா சேர்ந்தது. வலது முன்கை 1614இல் ரோமுக்குப் போனது. உடலுக்காகக் கோவாத் தட்டார்கள் 1637இல் முடித்த வெள்ளிப் பேழை தனி அழகு: அவர் வாழ்க்கைக் காட்சிகள் தகடு தகடாகப் புடைத்து நிற்கின்றன. ஐரோப்பியக் கதைக்கு இந்தியக் கை உயிர் கொடுத்திருக்கிறது. பத்தாண்டுக்கொருமுறை உடல் பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அண்மையில் 2024 நவம்பர் முதல் 2025 ஜனவரி வரை வைக்கப்பட்டது.