ஆட்டத்துக்கு வராத பிள்ளை

1969இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. பாரிஷ், சாண்டர்ஸ், வுல்ஃப் என்ற மூவர் எழுதியது. களம் ஒரு நான்காம் வகுப்பு. அதில் சில 'பிரச்சினைப் பிள்ளைகள்'. வகுப்பை இரண்டு அணியாகப் பிரிக்கிறார்கள். அனுமதி கேட்காமல் ஒரு பிள்ளை எழுந்தாலோ பேசினாலோ கரும்பலகையில் அதன் அணிக்கு ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்கு நட்சத்திரம், சாப்பாட்டு வரிசையில் முதலிடம், இஷ்டம்போல் இருக்கக் கொஞ்ச நேரம். இரண்டு அணியுமே ஒழுங்காக இருந்தால் இரண்டுக்கும் பரிசு. பெயர், 'நன்னடத்தை ஆட்டம்'. கணக்குப் பாடவேளையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கவனித்ததில் சுமார் 96 சதவீதத் துண்டுகளில் பேச்சு இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் 19 ஆனது. இடத்தைவிட்டு எழுவது 82லிருந்து 9க்கு இறங்கியது.

இதைப் படித்த உடனே நாம் ஃபூக்கோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கண்காணிப்பு, பழக்கப்படுத்தப்பட்ட உடல், ஒருவரையொருவர் வேவு பார்க்கும் அணி, எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கச்சிதம்தான் எனக்கு இடிக்கிறது. 1980களின் நடுவில் ஷெப்பர்ட் கெல்லமின் குழு பால்டிமோர் நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே ஆட்டத்தை நடத்தியது. பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். 19-21 வயதில் அவர்களைத் திரும்பத் தேடி விசாரித்தார்கள். முதல் வகுப்பில் மிகவும் முரடாக இருந்த பையன்களில், ஆட்டம் நடந்த வகுப்புகளில் படித்தவர்கள் போதைப் பழக்கத்தில் சிக்கியது குறைவாக இருந்தது. 'எல்லாம் அதிகாரத்தின் சூழ்ச்சி' என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. தப்பித்த பையன் நம் கோட்பாட்டைவிடப் பெரியவன்.

ஆனால் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. எழுந்ததை எண்ணினார்கள், பேசியதை எண்ணினார்கள். கணக்கு புரிந்ததா என்பது அந்தக் கோடுகளில் வராது. 1972இல் வினெட், விங்க்லர் என்ற இருவர், அக்கட்டுரை வந்த அதே இதழில், அதன் வகுப்பறை ஆய்வுகளைத் திரும்ப வாசித்து, இவர்களுடைய லட்சிய மாணவன் யார் என்று கேட்டார்கள். அசையாதவன், பேசாதவன், சொன்னபடி கேட்பவன் என்பதே அவர்கள் கண்ட விடை. 'அடக்கம்' என்பதைப் பண்பாகவும் 'அடங்காதது' என்பதை வசையாகவும் வைத்திருக்கும் மொழிக்காரர்களான நமக்கு இது ஒன்றும் அந்நியமல்ல.

1969 கட்டுரையின் விளிம்பில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். வேண்டுமென்றே கோடு வாங்கினார்கள். அதில் ஒரு பிள்ளை இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தது. இருவரையும் அணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஏன் மாட்டேன் என்றார்கள்? அதைக் கேட்க அந்த ஆட்டத்தில் விதி இல்லை.

அந்த 'ஏன்' நடத்தையியலுக்குள்ளிருந்தே பின்னால் வந்தது. 1985இல் கார், டியூரண்ட் இருவரும் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளின் கலாட்டாவை எண்ணுவதோடு நிற்காமல், அது எப்போது வருகிறது என்று பார்த்தார்கள். பாடம் கடினமானால் ஒரு பிள்ளைக்கு, தன்னைக் கவனிப்பது குறைந்தால் இன்னொன்றுக்கு. முதல் பிள்ளைக்கு 'எனக்குப் புரியல' என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, சொன்னதும் உதவினார்கள். மற்றதற்கு 'நான் நல்லா செய்றேனா?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கலாட்டா பெரிதும் குறைந்தது. வாக்கியத்தை மாற்றிக் கொடுத்தபோது பலிக்கவில்லை.

இதை வாசிப்பு என்றே சொல்வேன். சேட்டையை ஒரு வாக்கியமாக வாசித்திருக்கிறார்கள். வாசித்தது சரியா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். நம் விமர்சனத்தில் இந்த இரண்டாவது காரியம் நடப்பது அபூர்வம்.

1997இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சிறப்புக்கல்விச் சட்டம், இத்தகைய மாணவரைப் பத்துப் பள்ளிநாட்களுக்கு மேல் வெளியேற்றும்போது நடத்தையின் காரணத்தை ஆராயச் சொன்னது. சட்டமாகிவிட்டால் அது வெறும் படிவமாகிவிடலாம். காரணம் கண்டுபிடித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டு மூடிவிடலாம். இருந்தும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. கோடு போடும்போது மாறவேண்டியது பிள்ளை மட்டும். 'புரியல' என்று பிள்ளை சொல்லிவிட்டால் வாத்தியாரும் மாறவேண்டும், பாடமும் மாறவேண்டும்.

ஆட்டத்தை ஒழி என்று நான் சொல்லவில்லை. எதற்குக் கோடு என்று முடிவு செய்கிற இடத்தில் பிள்ளைக்கும் ஒரு வாய் வேண்டும். ஆடமாட்டேன் என்பவனை வெளியே நிறுத்துவதற்கு முன்னால், என்ன வேணும்னு அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.