பிடிவாதம் என்னும் சொல்

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் புகழ எழும் பேச்சாளர் சிலர், அவர் அருட்பாவின் பக்கம் பிடிவாதமாக நின்றார் என்று கூறுவதுண்டு. புகழ்ச்சியாகவே கூறுகின்றனர், ஆயினும் சொல் பொருந்தவில்லை.

பிடி என்பது தமிழ். வாதம் என்பது வடமொழி. வாதத்தைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்பதே இக்கூட்டுச் சொல் தரும் பொருள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பானுக்கு நான்காவது காலையும் தொட்டுக் காட்டுகிறோம். அதன் பின்னும் மூன்றே என்பானாகில் அது பிடிவாதம். காட்டுவதற்கு முன் அவன் சொன்னது வெறும் அறியாமை. இவ்வெல்லை இன்றைய வழக்கில் அழிந்துவிட்டது. மிட்டாய்க்கு அழும் பிள்ளையும் பிடிவாதக்காரன். கைக்கூலி வாங்கமாட்டேன் என்று நிற்கும் மாப்பிள்ளையும் பிடிவாதக்காரன்! பிள்ளை செய்வது அடம். மாப்பிள்ளையிடம் இருப்பது உறுதி. அவரைப் பிடிவாதக்காரர் என்று சொன்ன மாத்திரத்தில், குற்றம் கேட்டவர்களை விட்டு மறுத்தவர் தலையில் ஏறிவிடுகிறதே!

அரபு மொழி இவ்விரண்டையும் கலப்பதில்லை. உண்மை இன்னதென்று தெரிந்தே எதிர்ப்பவனுக்கு ‘அனீத்’ என்று பெயர். ஹூது, இப்ராஹீம், காஃப், முத்தஸ்ஸிர் ஆகிய நான்கு அத்தியாயங்களில் திருக்குர்ஆன் இச்சொல்லை ஆள்கிறது, நான்கிடத்தும் கண்டனமே. நேர்வழியில் நிலைத்து நிற்பதற்கு ‘இஸ்திகாமத்’ என்னும் வேறு சொல் உண்டு.

பிடிவாதத்தின் மெய்ப்பொருளை அருட்பாப் போரிலேயே காணலாம். குறிஞ்சிப்பாடிக்குச் சில கல் தொலைவில் உள்ளது வடலூர். அங்கே 1867இல் தருமச்சாலை கண்டவர் இராமலிங்க அடிகள். அவ்வாண்டிலேயே அவர் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரில் அச்சாயின. அப்பெயர் தகாது என்று மறுத்தெழுந்தார் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பூசல் முற்றி, 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியும் ஏறிற்று. 1874இல் அடிகள் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். 1879இல் நாவலரும் மறைந்தார். வாதம் மட்டும் மறையவில்லை. வழிவந்தோர் கண்டன நூலும் மறுப்பு நூலுமாக அடுத்த நூற்றாண்டுவரை அதனை இழுத்துச் சென்றனர். வாதித்த இருவரும் போன பின்பும் பிடி தளரவில்லை!

அந்தக் களத்தில்தான் பாவலர் நுழைந்தார். அடிகள் மறைந்த அதே 1874இல் நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர். சீறாப்புராணத்துக்கு உரை கண்டவர். சைவர்கள் தமக்குள் நடத்திய வழக்கில் ஒரு முஸ்லிம் புலவருக்கு இழக்கவோ பெறவோ என்ன இருந்தது? காக்க வேண்டிய குருமரபும் இல்லை. தீர்க்க வேண்டிய பழம்பகையும் இல்லை. பாடல்கள் அருட்பாவே என்று கண்டார். கண்டதை அவையில் எடுத்துரைத்து வாதிட்டார். தம்மவர் என்பதற்காக அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. சதாவதானம் கண்டு வியந்தவர்களைவிட, இந்த நடுநிலையைக் கண்டு வியந்தவர்களே அவரைச் சரியாக அறிந்தவர்கள் என்பது என் கருத்து.

அவர் துணிந்து நின்றார் எனலாம். தளராது நின்றார் எனலாம். விடாப்பிடியாக நின்றார் என்றாலும் குற்றமில்லை, அதில் வாதம் இல்லையாதலால்.